பொன்னுரங்கம் டாக்டரின் இடது கை

டாக்டர் பொன்னுரங்கம் செத்த மூன்றாம் நாள் காலையில், அவர் தொட்டுப் பார்த்திருந்த எல்லோருடைய உடம்பிலும் அவருடைய இடது கை பதிந்திருந்தது. அவர் கொடுக்கும் ரோஸ் மிக்சர் மருந்தின் நிறம். மண்பானையின் வயிற்றைத் தொட்டால் தெரிகிற குளிர்ச்சி. ஐந்து விரல்களில் மோதிர விரல் மட்டும் பாதி, ஏனென்றால் சிறு வயதில் கரும்பு ஆலையில் அதைப் பறிகொடுத்துவிட்டுத்தான் அவர் படிக்கப் போனார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. முதலில் பார்த்தவன் சவரக்கடைத் தணிகாசலம். வாடிக்கைக்காரர் ஒருவரின் கழுத்துத் துண்டை உதறியபோது பிடரிக்குக் கீழே அந்தக் கையைக் கண்டான், கண்ணாடியில் தன் தாடையைப் பார்த்தான், அங்கேயும் இருந்தது, பல் வலிக்குப் போனது நினைவுக்கு வந்தது, மறுபடி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான். பத்து மணிக்குள் மேல்கரைப்பேட்டை முழுக்கச் செய்தி போய்விட்டது. ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. உனக்கு எங்கே என்றுதான் கேட்டார்கள்.

இந்த ஊரை எனக்குத் தெரியும். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதில் இதற்கு நூறு வருடப் பழக்கம். ஆற்றில் ஏன் மணல் தெரியாமல் கறுப்பு நுரை ஓடுகிறது என்று கேட்டதில்லை, துவைத்த வேட்டி ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டதில்லை, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவன் ஏன் ஐம்பது வயதைப் பார்ப்பதில்லை என்று கேட்டதில்லை. முப்பத்தாறு வருடமாக அவர்களுக்குப் பதிலாக நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நோட்டீஸ் அடித்து, தெருத்தெருவாகக் கொடுத்து, நாலு முறை ஜெயிலுக்குப் போய். நோட்டீஸ் முனிரத்தினம் என்றால் இந்தத் தாலுகாவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போவார்கள். அந்த முப்பத்தாறு வருடத்தில் நான் பதினோரு முறை கடையடைப்புக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு முறைகூட ஒரு டீக்கடைகூட முழுதாக மூடியதில்லை. பொன்னுரங்கம் செத்த அன்று யாரும் கூப்பிடாமலே ஊர் மூடியது, ஷாப்புகளின் சங்கு ஊதவில்லை, கோழிக்கறிக் கடைக்காரன் கத்தியைத் துணியில் சுற்றி வைத்தான், பள்ளிவாசலிலிருந்தும் மாதா கோயிலிலிருந்தும் அம்மன் கோயிலிலிருந்தும் பாடைக்குத் தோள் கொடுக்க ஆள் வந்தது. நான் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடையடைப்பை ஒரு பிணம் நடத்திக் காட்டிவிட்டுப் போனது.

கை பதிந்ததை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் தையல்காரர்கள் முதுகில் ஜன்னல் வைத்த ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க ஆரம்பித்தார்கள், அதற்கு டாக்டர் கட்டிங் என்று பெயர். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு கை எங்கே பதிந்திருக்கிறது என்றும் விசாரித்தார்கள், நெற்றியில் இருந்தால் சாதாரணக் காய்ச்சல், அடிவயிற்றில் இருந்தால் கொஞ்சம் யோசித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் தகராறு வந்தால் கையைக் காட்டியவன் முன்னால் போனான். வெளியூரிலிருந்து வந்து குடியேறி ஒரு வருடம்கூட ஆகாத ஒருவன் கை இல்லாத குறைக்காக மருதாணியில் வரைந்துகொண்டான், மோதிர விரலை முழுசாக வரைந்துவிட்டதால் பிடிபட்டான், அடிக்கவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார்கள். ஷாப் முதலாளிக்குத் தொப்புளுக்கு மேலே பதிந்திருந்தது, வாயுத் தொந்தரவு. அவர் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டைத் திறந்துவிட்டு கார் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். அவரும் நாமும் ஒன்று என்று அதைப் பார்த்துச் சனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

எனக்கும் இருந்தது. இடது மணிக்கட்டில். நான் ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்தபோது கூப்பிடாமலே வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

அவர் நல்லவர் இல்லை என்று நான் எழுதினால் பொய். ஊருக்கு வந்த முதல் வருடம் சைக்கிள், பிறகு கடைசிவரை ஒரு பச்சை மொபெட். மற்ற டாக்டர்கள் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்று வந்தவனை மேஜைக்கு அந்தப் பக்கமே நிறுத்தி, நாக்கை நீட்டச் சொல்லி, மருந்து எழுதி அனுப்பிய காலத்தில், பொன்னுரங்கம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். தோல் நாற்றம் ஒட்டிய முதுகில் இடது உள்ளங்கையை அப்படியே படிய வைத்து, அதன் மேல் வலது கையின் நடுவிரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். கை ஜில்லென்று இருக்கக்கூடாது என்று வைப்பதற்கு முன்னால் தன் சட்டையில் நாலு தேய்ப்புத் தேய்ப்பார். ஒருவன் வாழ்நாளில் அவனைத் தொட்ட ஒரே பெரிய மனிதர் அவராக இருப்பார். அவனுக்கு அதற்கு மேல் மருந்து வேண்டியிருக்கவில்லை. மிக்சர் பாட்டிலில் வேளைக்கு ஒரு பல் வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார், இந்தப் பல்லிலிருந்து அந்தப் பல் வரைக்கும் என்பார், அவர்கள் அதை வேதம் மாதிரி குடித்தார்கள்.

ஆனால் ஷாப்பில் ஒரு விதி உண்டு. மூன்று நாள் லீவு எடுத்தவன் மறுபடி உள்ளே போக டாக்டர் சீட்டு வேண்டும், அதில் வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்க வேண்டும். பஃபிங் கூடத்தில் காய்ந்த தோலை மெஷினில் கொடுத்து உட்புறத்தை உரசுவார்கள், அந்தத் தூசி மாவு மாதிரி பறக்கும், ஜன்னலைத் திறந்தால் தோலின் மேல் படியும் என்று ஜன்னலை ஆணியடித்து வைத்திருப்பார்கள், தோலில் படியக்கூடாத தூசி ஆளுக்குள்ளே படியும். நாலு வருடத்தில் இருமல், பத்து வருடத்தில் படி ஏறினால் மூச்சு, பதினைந்து வருடத்தில் பாய். அந்தக் கூடத்தில் நின்ற அறுபத்தொரு பேரும் பொன்னுரங்கத்திடம் போனார்கள், அவர் கை வைத்துத் தட்டிக் கேட்டார், மிக்சர் கொடுத்தார், சீட்டில் பீடி இருமல், வேலைக்குத் தகுதி என்று எழுதினார். எங்கள் ஆட்களைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து அதே மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார். முப்பது வருடம்.

பஃபிங் ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு நான் நேரே போய்க் கேட்டிருக்கிறேன். வெளியே நோயாளிகள் கேட்டுக்கொண்டிருக்கும்படிதான் கேட்டேன். இவன் நெஞ்சில் இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும், அதை எழுதுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதறேன் முனிரத்தினம். நாளைக்குக் காலைல கேட்ல இவன நிறுத்திடுவான். இவன் பொண்டாட்டி எங்கிட்ட வந்து நிப்பா. உங்கிட்ட வர மாட்டா."

அவ்வளவுதான் சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த வாரமே நோட்டீஸ் போட்டேன், கருணையால் கொல்லும் கை என்று தலைப்பு, இரண்டாயிரம் பிரதி. என் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்தது அது. ஊர்க்காரர்கள் அதை வாங்கி, படித்து, வெந்நீர் அடுப்பில் போட்டார்கள், நான் பார்க்க வேண்டும் என்று வாசலில் அடுப்பு வைத்துப் போட்டார்கள்.

அவர் சாகும்போது என் மனு ஒன்று அரசாங்கத்தில் இரண்டு வருடமாகக் கிடந்தது. பஃபிங் கூடத்தை மூட வேண்டும், தூசி உறிஞ்சும் இயந்திரம் வைக்காமல் திறக்கக்கூடாது என்று கேட்டிருந்தேன். மனுவுக்கு முதலாளி கொடுத்த பதில் ஒரு மூட்டை: பொன்னுரங்கத்தின் சீட்டுகள், அறுபத்தொரு பேருக்கும், வருட வாரியாகக் கட்டி, அத்தனையிலும் வேலைக்குத் தகுதி. அவர் செத்து ஒரு வாரத்தில் விசாரணைத் தேதி வந்தது, மாதக் கடைசியில், சென்னையிலிருந்து ஒரு மருத்துவ அதிகாரி வருவார். அந்தத் தேதிக்கு மறுநாள், ஒன்றாம் தேதி, ரோசம்மா அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும்.

ரோசம்மா அருளப்பனின் மனைவி. அருளப்பன் பஃபிங்கில் பத்தொன்பது வருடம் நின்றவன், என் தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவன், இப்போது பாயில். ஷாப்பில் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது: ஆள் விழுந்தால் அவன் இடம் அவன் வீட்டுக்குத்தான், மகனுக்கோ மனைவிக்கோ, அதே கூடம், அதே மெஷின். இதை முதலாளியின் பெரிய மனசு என்று சொல்லுவார்கள். ரோசம்மாவுக்கு முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள், இருமலே அறியாத நெஞ்சு, அது ஒன்றாம் தேதி அந்தத் தூசிக்குள் போகப் போகிறது. எனக்கு இருந்தது இருபத்திரண்டு நாள்.

ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் குளிக்கிற தொட்டியடியில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். சுண்ணாம்புக் குழிக்காரர்களுக்குக் கை பதிந்திருந்தது கால்களிலும் முழங்கையிலும், புண் வருகிற இடங்களில். பஃபிங்காரர்கள் வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள். எல்லா முதுகிலும் ஒரே இடம், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே நாலு விரற்கடை. புது ஆளுக்கு வெளிர் ரோஸ், பழைய ஆளுக்குக் கறுத்த ரோஸ், அப்துல் வாஜிதுக்கு ஏறக்குறைய பீட்ரூட். பீடி குடிக்காதவனுக்கும் அங்கேதான். மனிதன் சீட்டில் ஒன்று எழுதியிருக்கிறான், கை வேறொன்றைக் கண்டுபிடித்து அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போய் நின்றிருக்கிறது. எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அறுபத்தொரு முதுகுகளையும் அதிகாரி முன்னால் திருப்பி நிறுத்தினால் போதும்.

அதைச் சொன்னதும் வாஜித் சோப்பைக் கீழே வைத்தார்.

"டாக்டரு கைய வச்சே டாக்டர பொய்யருன்னு சொல்லச் சொல்றியா?"

நான் விளக்கினேன். அவர்கள் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள், பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் போகிற போக்கில், செத்தவர் மேல கேஸ் போட்டா ஜாமீன் யாரு குடுப்பாங்க அண்ணாத்தே என்று கேட்டான், அதற்குச் சிரிப்பு எழுந்தது. வீடு வீடாகப் போனேன். ரோசம்மாவிடம் போனபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நான் பேசி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை, முடிந்ததும் மொதல்ல சட்டைக் கைய மடிச்சு வுடு அண்ணாத்தே, ஊருக்கே தெரியும் என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த முட்டாள்தனம் ஆரம்பித்தது, அது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய முட்டாள்தனம். ஈரத் தோலைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, ரப்பர் கட்டையால் காற்றை வழித்தெடுத்து, காய்ந்ததும் கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் உரிப்பது இங்கே ஒரு தனி வேலை, அதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருத்தி தன் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, தன் தோளில் இருந்த கையின் மேல் வெந்நீர் தடவி, குழந்தையின் நெற்றியை அதில் ஒட்டி, உள்ளங்கையால் காற்றை வழித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து மெதுவாக உரித்தாள். கை குழந்தையின் நெற்றிக்குப் போய்விட்டது. காய்ச்சல் இறங்கியது. அவள் தோள் வெறுமையாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் ஏழு கைகள் இடம் மாறின.

பிறகு ஊரே ஒட்டியது, உரித்தது. மாமியார் மருமகளுக்குக் கொடுத்தாள், கொடுத்ததை ஒரு வருடம் சொல்லிக்காட்டுவதற்காகக் கொடுத்தாள். பெங்களூரில் வேலை செய்கிற பிள்ளைக்குக் கொடுக்கப் பஸ் ஏறினார்கள். சுகப்பிரசவத்துக்காக ஒருத்தி ஒரே வயிற்றில் மூன்று பேருடைய கையை வாங்கி வைத்துக்கொண்டாள். யாரிடம் நன்றாகக் கறுத்த கை என்று தேடிக்கொண்டு எல்லோரும் பஃபிங்காரர்களிடம்தான் வந்தார்கள், அந்த மடையர்கள் வந்தவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக் குனிந்தார்கள். தன் ஆயுளில் கொடுக்க எதுவும் இல்லாதவனிடம் ஊர் வந்து கேட்கிறது, அவன் எப்படி மறுப்பான். நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன், இருபது நாள் வைத்திருங்கள், பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று. சரி சரி என்பார்கள். மறுநாள் தொட்டியடியில் போய்ப் பார்த்தால் இன்னும் இரண்டு முதுகு வெறுமையாக இருக்கும். வாஜித் தன்னுடையதை மாதா கோயில் தெருவில் யாரோ ஒருத்தியின் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்து, புள்ள நல்லா தூங்குது என்று என்னிடமே வந்து சொன்னார். என் சாட்சிகள் ஊர் முழுக்கத் தொட்டில்களில் கிடந்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முதுகு. அருளப்பன் பாயிலிருந்து எழ முடியாததால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. மதியம் நான் போனேன், அவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் பேசியிருந்தேன். வீட்டுக்குள் வெந்நீர்ப் பாத்திரம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அருளப்பன் ஒருக்களித்துப் படுத்திருந்தான், முதுகு காலியாக இருந்தது. ரோசம்மா ரவிக்கையின் கொக்கியை மாட்டிக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தாள்.

நான் கத்தினேன். என் தோழனைப் பார்த்து, சாகக் கிடக்கிறவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் நான் முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னான்.

"அவ... நாளான்னைக்கு... உள்ள போறா இல்ல. நெஞ்சுக்கு... டாக்டரு தொணை... இருக்கட்டும்."

அதே இடத்தில் ஒட்டியிருந்தான். வலது தோள்பட்டைக்குக் கீழே நாலு விரற்கடை.

பயணியர் மாளிகையில் விசாரணை. அதிகாரி நாற்பது வயதுப் பெண் டாக்டர், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதுகிறவர். முதலாளியும் அவருடைய வக்கீலும் சீட்டு மூட்டையோடு வந்திருந்தார்கள். டாக்டருக்கு ஒரு அவமானம் வராமல் பார்த்துக்கொள்வதற்காக ஊரும் வந்திருந்தது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, புதுச் சட்டை போட்டு. என்னிடம் இருந்தது ரோசம்மா ஒருத்திதான், அவளும் நான் கூப்பிட்டதற்காக வரவில்லை, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள். நான் எழுந்து கை இருக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னேன். வக்கீல் உட்கார்ந்தபடியே, இந்த அம்மா கூடத்துக்குள் காலே வைத்ததில்லை, இவருக்கும் அதே இடத்தில் இருக்கிறது, ஆக அந்த இடத்துக்கும் கூடத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் என்னை முடித்தார். உண்மைதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அதிகாரி ரோசம்மாவைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். பழக்கத்தில்தான் செய்தார் என்று நினைக்கிறேன், எந்த டாக்டரும் செய்கிறதுதான். முதலில் இடது பக்கம் உள்ளங்கையை வைத்து விரலால் தட்டினார், காலிப் பானையைத் தட்டின மாதிரி நெஞ்சு பாடியது, திரைக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. பிறகு வலது பக்கம், அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, தட்டினார். நனைந்த மூட்டையைத் தட்டின மாதிரி தொப்பென்று ஒரு சத்தம். கையை ஒரு அங்குலம் தள்ளி வைத்தார், பானை. திரும்பக் கொண்டுவந்தார், மூட்டை. குழாயை வைத்து மூச்சைக் கேட்டார், மூச்சு ஊற்றுத் தண்ணீர் மாதிரி சுத்தமாக இருந்திருக்கிறது. மறுபடி தட்டினார். அது ரோசம்மாவின் நெஞ்சு இல்லை. பத்தொன்பது வருடம் பொன்னுரங்கம் கேட்டுக்கொண்டிருந்த அருளப்பனின் நெஞ்சு.

அவர் வெளியே வந்து, யாருக்கெல்லாம் கை இருக்கிறது என்று கேட்டார். ஊர் பெருமையோடு குழந்தைகளை நீட்டியது. இது யாருடையது என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார், தாய்மார்கள் மார்தட்டிச் சொன்னார்கள், இது பஃபிங் வாஜித் பாயுது, இது பஃபிங் சின்னதம்பிது. பாட்டு வாத்தியார் கொடுத்த கை பானையாகப் பாடியது, பூக்காரி கொடுத்த கை பானையாகப் பாடியது, பஃபிங்காரன் கொடுத்த ஒவ்வொரு கையும், ஒன்றரை வயதுக் குழந்தையின் நெற்றியில் இருந்தாலும், தொப், தொப் என்று மூட்டையாக விழுந்தது. முதலாளியும் வயிற்றைக் காட்டினார். வெறும் காற்று. வெளியூருக்குப் போன பஃபிங் கைகள் நீங்கலாக நாற்பத்து நாலு குழந்தைகள், நாற்பத்து நாலு மூட்டைகள், அவற்றில் ஒவ்வொன்றின் சத்தமும் விழும்போது பெற்றவள் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு யாரும் குழந்தையை நீட்டவில்லை. டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு என்று வாஜித் தனக்குள் சொன்னார்.

அதிகாரி எழுத உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, மூடி, ரோசம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இத எழுதினா நாளைக்குக் காலையில கூடத்தப் பூட்டிடுவாங்கம்மா. எப்பத் திறப்பாங்கன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

"இல்ல."

அதிகாரியின் பேனா மூடியே இருந்தது. அந்த முகத்தை நான் முன்னால் பார்த்திருக்கிறேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம். நான் எழுந்தேன், அந்த நோட்டீஸின் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ரோசம்மா என் பக்கம் கையை நீட்டி உட்காரச் சொன்னாள்.

"எங்க ஆம்பளைங்கள ஒருத்தரும் இதக் கேட்டதில்ல மேடம். டாக்டரு அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கினாரு. இதோ இந்த அண்ணாத்தேவும் அப்டித்தான், அறுபத்தோரு பேருக்கும் இவரே பதில் எழுதி அச்சடிச்சுக்குவாரு. நீங்கதான் கேட்டீங்க. நான் சொல்றேன். எழுதுங்க."

அவர் எழுதினார். ரோசம்மா அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, மறைந்த அருளப்பன்னு போட்டிருக்கீங்க, அவரு இருக்காரு என்றாள். அதிகாரி அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டார்.

கூடம் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குப் பூட்டப்பட்டது. நான் ஜெயித்த ஒரே வழக்கு அது, அதற்காக எனக்குக் கிடைத்தது சாணி. அறுபது வீட்டில் அடுப்பு எரியவில்லை, அந்த அறுபது வீட்டுப் பெண்களும் என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள், டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவன் என்று சவரக்கடைத் தணிகாசலம் எனக்குச் சவரம் செய்ய மறுத்தான். குழந்தைகளின் நெற்றியில் இருந்த கைகளைத் தாய்மார்கள் உரித்துப் பார்த்தார்கள், வாங்கிக்கொள்ள இப்போது யாரும் முன்வரவில்லை. பொன்னுரங்கத்துக்குச் சிலை வைக்கிறார்கள், வைக்கட்டும். அவர் எல்லோரையும் நேசித்தார், எல்லாவற்றையும் அறிந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. இந்த மூன்றையும் சிலையின் கீழே எழுதினால் நானும் ஒரு செங்கல் தருவேன்.

அருளப்பன் அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தான். அவன் வீடு கூடத்தின் பின்சுவரை ஒட்டியது, பத்தொன்பது வருடம் வேலையிலும் மூன்று மாதம் பாயிலும் அந்த மெஷின்களின் இரைச்சல்தான் அவனுக்குப் பகல். அது நின்றுபோனதும் அவன் கண்ணைத் திறந்து கேட்டான், இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா என்று. கூடத்தைப் பூட்டியதை அவனுக்குச் சொல்லியிருந்தோம், அவன் மறந்துபோயிருந்தான். மறுபடி சொல்லிவிடலாம். சொன்னால் அந்த அறுபது வீட்டையும் நினைப்பான், ஒவ்வொரு பெயராகக் கேட்பான், அதற்கு அவனிடம் மூச்சு கிடையாது. ரோசம்மா, ஆமா, ஞாயித்துக்கெழமதான், படு என்றாள். மறுநாளும் கேட்டான். ஆமா என்றாள். அப்படி ஒவ்வொரு நாளும். நான் அந்த வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்திருப்பேன், வேறு வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. அவள் அவனிடம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கசந்தது. பொய் சொல்லி ஒருவனைச் சாந்தப்படுத்துவது எதில் போய் முடியும் என்று என்னைவிட அதிகமாக எழுதியவன் இந்த மாவட்டத்தில் கிடையாது.

பதினோராம் நாள் அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணாத்தே. சத்தமே... இல்லியே. ஞாயித்துக்கெழமையா?"

அன்று புதன்கிழமை. நான் என் கையைச் சட்டையில் நாலு தேய்ப்புத் தேய்த்து அவன் மார்மேல் வைத்தேன்.

"ஆமாம்பா" என்றேன்.